சிவப்பு மூடிப் புட்டி

மேசை மேல் உட்கார வைத்த குழந்தை, டாக்டரம்மாவின் ஸ்டெதஸ்கோப்பை எட்டிப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. ஒரு வயதுப் பையன். பிடித்த பிடியில் நல்ல வலு இருந்தது.

"இவனுக்கா மூச்சு வாங்குது?"

"ஆமா டாக்டர். மூச்ச இழுக்கறப்ப விலாவெல்லாம் உள்ள போகுது. முனகல் வேற. முந்தாநாள்லேருந்து பாலே இறங்கல" என்றாள் தாய்.

டாக்டரம்மா சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சிலும் முதுகிலும் வைத்துக் கேட்டார். மூச்சு சீராக இருந்தது, உடம்பும் சுடவில்லை. வெளியே வராந்தா கொள்ளாத கூட்டம். ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டுகிற தாய்மார்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு தகப்பன் எட்டிப் பார்த்தான்.

"பையனுக்கு ஒண்ணும் இல்லல்ல டாக்டர்? ராத்திரியெல்லாம் இருமினான்னு இவ சொன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வேலைக்குக்கூடப் போகாம வண்டிய எடுத்துட்டு ஓடியாந்தேன்."

"நெஞ்சு சுத்தமா இருக்கு. நீங்க வெளிய இருங்க."

அவன் பையனின் உச்சந்தலையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். இப்படி ஒரு தகப்பன் அமையக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார்.

பையன் சிணுங்கினான். தாயின் பைக்குள் கையை விட்டு ஒரு பால் புட்டியை உருவினான். சிவப்பு மூடி, உள்ளே பால் தொடாமல் அப்படியே இருந்தது. அவள் அதை வெடுக்கென்று வாங்கி உள்ளே வைத்துவிட்டு, நீல மூடி போட்ட இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். பையன் மடமடவென்று பாதியைக் காலி செய்தான்.

"பாலே இறங்கலன்னீங்க?" டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தாய் சிரிக்கவில்லை. "விலா அப்படி உள்ள போனா என்ன மருந்து குடுக்கணும் டாக்டர்? அத மட்டும் எழுதிக் குடுத்திடுங்க. நான் பாத்துக்கறேன்."

"நல்லா இருக்கற பிள்ளைக்கு மருந்தா? நல்ல கதையா இருக்கே."

"ஒரு சிரப்பாவது குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நீங்க சொல்ற மாதிரி இருந்தா சிரப்பெல்லாம் பத்தாதும்மா. கையோட அட்மிட் பண்ணி ஆக்சிஜன் வைக்கணும். வீட்ல போட்டு வெச்சா ராத்திரி தாண்டாது." சொல்லிக்கொண்டே அடுத்த ஆளுக்கு மணியடித்தார். "உங்க பையனுக்கு ஒரு குறையும் இல்ல. வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, சாத்தியிருந்த கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் என்னம்மா?"

"மூச்சு வாங்கறது இவனுக்கு இல்ல டாக்டர், வீட்ல கிடக்கிறா, இவன்கூட ரெட்டையாப் பொறந்தவ. பொண்ணுக்குன்னா அவர் வண்டிய எடுக்க மாட்டார்."