ஒட்டிக்கொண்ட பக்கங்கள்

மதிய வெயில் கண்ணாடியில் பட்டு நாற்காலிமேல் விழுகிறது. சலூன்காரர் தன் கால்பந்துக் கிளப்பின் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டுகிறார். இரவல் வாங்கிப்போன தபால்காரர் இரண்டு மாதம் கழித்து இப்போதுதான் கொண்டுவந்திருக்கிறார். கிளப் ஒரே ஒருமுறை கோப்பை வென்ற ஆட்டத்தின் படம் இருக்கும் இரண்டு பக்கங்களும் காப்பி கொட்டி ஒட்டிக் கிடக்கின்றன. சலூன்காரர் புது பிளேடை நடுவில் செருகி, மூச்சை அடக்கிக்கொண்டு மெல்ல நகர்த்துகிறார். காகிதம் சரசரவென்று உரிகிறது. கோல் அடித்தவரின் கால் எதிர்ப்பக்கத்தோடு போய்விடுகிறது. பந்து இருந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது.

“உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சேண்ணே,” என்கிறார் தபால்காரர்.

“மனப்பாடம்தான். பார்க்கணும்னு தோணுச்சுன்னா என்ன பண்றது?”

தபால்காரர் நாற்காலியில் உட்காருகிறார். சலூன்காரர் துணியை ஓங்கி உதறி அவர் கழுத்தில் கட்டுகிறார். எப்படி வெட்டணும் என்று இன்று கேட்கவில்லை.