விரியாத கண்மணி

"சலம் போறதுக்கு ஏதும் குளிசை குடிக்கிறீங்களா? சில குளிசை கண்மணிய விரிய விடாது. எங்களுக்குத் தெரியாம இருந்தா ஒப்பரேசன் பிழைச்சிரும். மறைக்காமச் சொல்லுங்க."

நேர்ஸ் டினுஷா கேட்டதும், ஆதம்லெவ்வை பக்கத்தில் நின்ற மனைவி நபீஸாவைப் பார்த்தார். கண் வாட்டில் எல்லோர் காதும் இந்தப் பக்கம்தான்.

"சீ, அதெல்லாம் எனக்கில்ல."

குடிக்கிறார்தான், சிறுநீர் அடைப்புக்கான மாத்திரை. தெரிந்தவர் யாருமில்லாத ஏறாவூர்க் கடையொன்றில் வாங்கி, காத்தான்குடியில் தன் புடவைக்கடை மேசை லாச்சிக்குள் ஒளித்து வைத்து விழுங்குகிறார். வயசு போய்விட்டதென்று நபீஸாவிடம் எந்த வாயால் சொல்வது?

டினுஷா அவர் கண்ணில் கண்மணி விரியும் மருந்தை விட்டுத் திரும்பக்கூட இல்லை, அதற்குள் நபீஸா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எங்கட ஆள ஏன் ஒப்பரேசன் லிஸ்டில கடைசியில போட்டிரிக்கீங்க? நான் டொக்டரோட பேசணும். இப்பவே!"

"நபீஸா, மானத்த வாங்காத!"

"நீங்க பேசாம கண்ண மூடிக்கிட்டுக் கிடங்க!"

டினுஷாவையும் இழுத்துக்கொண்டு டொக்டரின் அறைக்குள் புகுந்தாள். கதவு சாத்தும்வரை அவள் சத்தம்தான்.

அடுத்த கட்டிலில் இருந்த பேர்னாட் சிரித்தார். "ஆதம்லெவ்வைக் காக்கா, உங்கட மனிசிட சத்தத்துக்கு மருந்தே தேவல்ல. கண்மணி தன்பாட்டில விரியும்!"

ஆதம்லெவ்வை கூனிக் குறுகிப்போனார். திரும்பி வந்தவளுக்கு முகம் கொடுக்கவே இல்லை.

ஒப்பரேசன் தியேட்டர் மேசையில் படுத்த பிறகுதான் பயம் பிடித்தது. இப்போதாவது சொல்லிவிடலாமா?

"எவ்வளவு மருந்து விட்டும் விரியல்ல" என்றார் டொக்டர்.

ஆதம்லெவ்வைக்கு உயிர் போய் வந்தது.

"பயப்படாதீங்க. சின்னக் கொளுக்கி போட்டு கண்மணிய விரிச்சுப் பிடிச்சிட்டுச் செய்யப்போறன். நீங்க குடிக்கிற குளிசைக்கு இது இப்படித்தான். உங்கட மனிசி முதலே சொன்னதால எல்லாம் ஆயத்தமா வச்சிருக்கம்."

"ஐயோ டொக்டர்!" டினுஷா பதறினாள். "கடை லாச்சிக்குள்ள குளிசையத் தான் கண்டத அவருக்குச் சொல்ல வேணாம், வெக்கப்படுவாரெண்டு அந்தம்மா சத்தியம் வாங்கினவ. அதுக்குத்தானே சண்டைக்கு வாற மாதிரி வந்தவ!"



மறுநாள் கண்ணில் போட்ட கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது நபீஸாவின் முகம். நெற்றிச் சுருக்கம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. கவலைப்பட்டுக் கவலைப்பட்டே விழுந்த சுருக்கம்.

"டொக்டர்... என்னப் பத்தி ஏதும் சொன்னாரா?" பயந்து பயந்து கேட்டாள்.

"சொன்னாரு. இப்பிடியொரு சண்டைக்காரிய அவர் கண்டதே இல்லையாம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் நபீஸா. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.