நீக்கியதற்கான காரணம்

நூலகத்தின் கணினி அறையில் மதிய வெயில் திரைகளின் மேல் சாய்ந்து விழுகிறது. பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா, எல்லோரும் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து வைத்திருக்கிறார். படுக்கைப் புண்ணைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அங்கே இல்லை. நீக்கியவரின் குறிப்பு மட்டும் இருக்கிறது: ‘குப்பை. எழுதத் தெரியாதவர்கள் ஒதுங்கிக்கொள்ளவும்.’ அந்தத் தளத்தின் நிர்வாகிகளில் ஒருவனாக, காலையில் நான் எழுதிய குறிப்பு அது. “நாலு நாள் ஒத்த விரலால தட்டினேன் தம்பி. எங்க தப்புன்னு கொஞ்சம் பாருங்களேன்,” என்றபடி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். என் காது மடல் சுடுகிறது. “அதை அழிச்சது நான்தாம்மா.” துடைக்கும் கை நிற்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போடுகிறார். “நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லுங்க, எந்த வரி சரியில்ல?” விசைப்பலகையை விட்டு என் கண் நிமிர மறுக்கிறது. “ரெண்டு வரிக்கு மேல நான் படிக்கவே இல்லம்மா,” என்கிறேன்.