கடைசியாக வந்த வீடு

பெரியவருக்கு வயிறு எரிந்தது. ஒண்டிக்கட்டையான தம்பி ஒரு மாதமாகச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய் வருகிறான். கூடப்பிறந்த அண்ணன் வீட்டை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

"பத்து வருஷமாப் பேசாத மச்சான் வீட்டுல ஒரு வாரம் தங்கியிருக்கான். நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று மனைவியிடம் பொருமினார். "மூத்தவன் நானாப் போய்க் கூப்பிட மாட்டேன்."

அன்று மாலை தம்பி பெட்டியோடு வாசலில் நின்றான்.

"துரைக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"சண்டை போட்டவங்ககிட்ட முதல்ல மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேண்ணா. டாக்டர் எனக்குக் கெடு வெச்ச மூணு மாசத்துல ஒண்ணு அதுக்கே போயிடுச்சு. மிச்சம் ரெண்டையும் உங்ககூட இருக்கலாம்னு..."

பெரியவர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மனைவியிடம் திரும்பினார்.

"என் கட்டில்ல இவனுக்குப் படுக்கை போடு. நான் கீழ படுத்துக்கறேன்."