முழுத் திராட்சை

மலைக்கோயில் படிகளில் பக்தர்களின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிவைத்துத் தின்பண்டத்துக்குப் பேரம் பேசுவதில் செம்பிக் குரங்கை மிஞ்ச ஆளில்லை. அன்றும் நீட்டிய பிஸ்கட்டைத் தட்டிவிட்டு, ஒரு கொத்துத் திராட்சை கைக்கு வந்த பிறகே கண்ணாடியைக் கொடுத்தாள்.

"பாதியாக் கடிச்சு ஊட்டுக்கா, பச்சப்புள்ள" என்றாள் தங்கை மங்கா.

"மல்லுக்கட்டி வாங்கினவ நானு. எம்புள்ள முழுசாத்தான் திங்கும், போடி!" என்று சீறிய செம்பி, துள்ளிக்கொண்டிருந்த குட்டியின் வாயில் பழத்தைத் திணித்தாள்.

குட்டிக்குச் சத்தமே வரவில்லை. கண் பிதுங்கியது. மங்காதான் அதைக் கையில் குப்புறக் கவிழ்த்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். பழம் தெறித்து விழுந்தது.

குட்டி பிழைத்துக்கொண்டது. இப்போதெல்லாம் செம்பி எதையும் மசித்துத்தான் நீட்டுகிறாள்.

"ஒரே ஒரு வாய் வாங்கிக்கடா, என் ராசா" என்று கெஞ்சுகிறாள்.

அது வாயை இறுக மூடிக்கொண்டு சித்தியின் மடியில் முகம் புதைக்கிறது.