பியர்பொன்ட்ஸ் மாமியின் கால் ஆணி

"இந்தக் கால் ஆணியைக் கொஞ்சம் வெட்டி விடுங்கோ, டாக்டர்."

ரகுநாதன் திடுக்கிட்டான். கியூபெக் மாகாணத்தின் செயின்ட்-மிஷேலில் உள்ள இந்தக் காலணிக் கடையில் அவன் வெறும் விற்பனையாளன். இங்கே அவனை டாக்டர் என்று அழைப்பவர் எவருமில்லை.

"நான் இங்கே ஷூதான் விக்கறேன், மாமி."

"டொராண்டோவில கால் டாக்டரா இருந்தேளாமே?"

"அந்த லைசென்ஸ் ஒண்டாரியோவுக்கு மட்டும்தான். கியூபெக்ல செல்லாது."

"ஒரே தேசம்தானே?"

"தேசம் ஒண்ணுதான். ரெண்டு மாகாணத்துக்கும் நடுவுல ஒப்பந்தம் இல்லையே! புதுசா விண்ணப்பம் போட்டிருக்கேன்."

அடுத்த வாரம் உரிமக் குழு அவனை நேரில் விசாரிக்கவிருந்தது. அவனைப் போலவே காத்திருந்த ஒருவர், குழு அனுப்பி நோயாளியாக நடித்து வந்த ஒரு பெண்மணிக்கு நகம் வெட்டிவிட்டு, விண்ணப்பத்தையே பறிகொடுத்திருந்தார்.

"எங்கேர்ந்து வரேள்?" என்று மெல்லக் கேட்டான்.

"பியர்பொன்ட்ஸ்."

ஒரு ஜோடி ஷூவுக்காகத் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து பஸ் மாறி மாறி வருவார்களா?

மாமி கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "ஒரு ஈ காக்காய் இல்லை. பிளேடுகூடக் கொண்டு வந்திருக்கேன். ரெண்டு நிமிஷ வேலை."

"மன்னிக்கணும், மாமி."

"உயிர் போற வலி! பார்த்துண்டே நிக்கறேளே, மனசா கல்லா?"

"அகலமான ஷூ தரேன். இங்கே லைசென்ஸ் உள்ள டாக்டரோட விலாசமும் எழுதித் தரேன். பிளேடை மட்டும் தொட மாட்டேன்."

"யாருக்குத் தெரியப் போறது?"

"எனக்குத் தெரியுமே!"

மாமி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனை உற்றுப் பார்த்தாள். "லைசென்ஸ் கிடைக்கலைன்னா?"

"கிடைக்கற வரைக்கும் ஷூ விப்பேன்."

"சிகரெட் உண்டா?"

"இல்லை."

"குடி?"

"சேச்சே!"

உரிமக் குழு இதையெல்லாம்கூடவா துருவும்?

மாமி எழுந்தாள். வலியால் துடித்த கால், கண்ணாடி வரை விறுவிறுவென்று நடந்து திரும்பியது. சந்தேகமே இல்லை, குழு அனுப்பிய ஆள்தான்! கைப்பையிலிருந்து அவள் ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்தபோது ரகுநாதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"உங்கக்கா எழுதினதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை" என்றாள் மாமி. "வர ஞாயித்துக்கிழமை எங்காத்துக்கு வந்துடுங்கோ. சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் என் பொண்ணு சரளாவே பண்றா."