குசுமாவின் தாமரை

"பசை வழியுது பாரு இரங்கனி! நல்ல பேர் எடுத்தாத்தான் நமக்கு விடிவு" என்று கடிந்துகொண்டாள் குசுமா.

புத்தர் பிறந்த நாளான வெசாக் பண்டிகைக்கான வாழ்த்து அட்டைகளில் அவள் வரையும் தாமரைக்குக் கொழும்புக் கடைகளில் ஏகக் கிராக்கி. இரங்கனி ஒட்டியதில் பாதி குப்பைக்குத்தான் போகும்.

வெசாக்குக்கு முதல் நாள் மேடம் வந்தார்.

"இரங்கனி, துணிமணிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பு."

குசுமா தூரிகையை வைத்துவிட்டு ஆவலோடு எழுந்தாள். "நானும்தானே மேடம்?"

மேடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெசாக் பொதுமன்னிப்புக்குப் பெரிய அதிகாரி உன் பேரை அனுப்பலைம்மா. நீ போயிட்டா கிறிஸ்துமஸ் அட்டைய யாரு வரைவாங்கன்னு கேக்கறார்."

சிவப்பு வண்ணப் புட்டியை அவள் முன்னால் வைத்துவிட்டு, இரங்கனியோடு வெளியேறிய மேடம் சிறையின் கம்பிக் கதவைப் பூட்டினார்.